சாலையின் எண்ணைக் கேளுங்கள். அது வழி சொல்லும்!

சென்ற ஆண்டு ஒரு நாள். இரவு மணி பத்து இருக்கும். மதுரையிலிருந்து திருச்சிக்கு வரும் பஸ்ஸில் வந்து கொண்டிருந்தேன். துவரங்குறிச்சியைத் தாண்டிச் சிறிது தூரம் வந்திருப்போம். திடீரென்று பஸ் நின்றது.

சாலை ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஓர் இளைஞர் காலைப் பிடித்துக் கொண்டு துடித்துக் கொண்டிருந்தார். இரத்தம் நிற்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி ஓடினார்கள். ஒருவர் தம் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டார். இன்னொருவர் 108-க்குப் போன் செய்தார்.

"எந்த இடம்?" என்று கேட்டார்கள்.

"மதுரை ரோடு" என்றார் இவர்.

"மதுரை ரோட்டில் எந்த இடம்?"

"துவரங்குறிச்சிக்கு அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்? மதுரைப் பக்கமா, விராலிமலைப் பக்கமா?"

இவர் விழித்தார். ஒருவர் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். "அந்த ஊர் எப்போதோ போய்விட்டதே!" என்றார் மற்றொருவர். "இது 45-பி சாலை" என்றார் டிரைவர். மறுமுனையில் இருந்தவருக்கு அது விளங்கவில்லை. பேச்சு வளர்ந்தது. நிமிஷங்கள் ஓடின.

கடைசியில் கண்டக்டர் கைவிளக்கை எடுத்துக் கொண்டு பின்னால் நடந்தார். மஞ்சள் தலை வைத்த ஒரு கல்லின் முன் குனிந்தார். "38! நம்பர் 38! கிலோமீட்டரையும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்!" என்று கத்தினார். அதற்குப் பிறகு மறுமுனையில் ஒரு கேள்வியும் இல்லை. வண்டி நேராக வந்து சேர்ந்தது. இளைஞரை ஏற்றிக் கொண்டு போனார்கள். "பயம் இல்லை" என்று வண்டியில் வந்தவர் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் ஏறக்குறைய ஐம்பது பேர் இருந்தோம். பலர் படித்தவர்கள். நானும் கல்லூரியில் பட்டம் வாங்கியவன்தான். ஆனால் எந்த எண்ணுள்ள சாலையில் போய்க் கொண்டிருக்கிறோம் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை! டிரைவருக்குத் தெரிந்ததோ பழைய எண்.

அன்று முதல் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. எங்கே போனாலும் சாலையின் எண்ணைப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க ஓர் உண்மை தெரிந்தது. அந்த எண்கள் யாரோ குருட்டாம்போக்கில் போட்டவை அல்ல. அவற்றுக்குள் அழகான கணக்கு இருக்கிறது. குழந்தைகூடக் கற்றுக் கொள்ளலாம். ஆனால் அதை நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் என் குறை.

எண்ணை மாற்றிய கதை

முன்பு தேசிய நெடுஞ்சாலைகளுக்கு வேறு எண்கள் இருந்தன. சென்னையிலிருந்து திருச்சி வழியாகத் தேனிக்குப் போகும் சாலை 45. சேலம், கோவை, கொச்சி, திருவனந்தபுரம் வழியாகக் கன்னியாகுமரி போகும் சாலை 47. காசியிலிருந்து கன்னியாகுமரி வரை வந்தது 7. புதிய கிளை பிறந்தால் 45-ஏ, 45-பி, 45-சி என்று எழுத்தை ஒட்டினார்கள். எண்ணைக் கேட்டால் சாலை எந்தத் திசையில் போகிறது என்று சொல்ல முடியாது.

2010-ஆம் ஆண்டில் மத்திய அரசு இந்த எண்களை எல்லாம் மாற்றி அமைத்தது. நாடு முழுவதற்கும் ஒரே கணக்கு. அந்தக் கணக்குக்கு இரண்டே விதிகள். இதோ அவை:

முதல் விதி: வடக்கு தெற்காகப் போகும் பெரிய சாலைகளுக்கு இரட்டைப்படை எண். இந்த எண் கிழக்கே சிறியது. மேற்கே போகப் போகப் பெரியது.

இரண்டாம் விதி: கிழக்கு மேற்காகப் போகும் பெரிய சாலைகளுக்கு ஒற்றைப்படை எண். இந்த எண் வடக்கே சிறியது. தெற்கே வர வரப் பெரியது.

மனத்தில் வைத்துக் கொள்ள ஒரு வழி சொல்கிறேன். சுவரில் தேசப் படம் தொங்குவதாக நினைத்துக் கொள்ளுங்கள். இரட்டை மேலிருந்து கீழே இறங்கும். ஒற்றை குறுக்கே ஓடும். சூரியன் போகிற திசையில் இரட்டை வளரும். இமயத்திலிருந்து குமரியை நோக்கி ஒற்றை வளரும். அவ்வளவுதான்!

சோதித்துப் பாருங்கள். 1-ஆம் எண் எங்கே இருக்க வேண்டும்? வடக்கு எல்லையில். அங்கேதான் இருக்கிறது. காஷ்மீரத்தில் உரியிலிருந்து ஸ்ரீநகர், கார்கில் வழியாக லே வரை போகிறது. 2-ஆம் எண் எங்கே இருக்க வேண்டும்? கிழக்குக் கோடியில். அஸ்ஸாமில் திப்ருகரில் புறப்பட்டு, கோஹிமா, இம்பால் வழியாக மிஸோரத்துக்கு இறங்குகிறது. 68 எங்கே? மேற்கே, ராஜஸ்தான் பாலைவனத்தில், ஜெய்சல்மேர் பக்கம்! கணக்கு சரியாக வருகிறது அல்லவா?

நம் ஊர்ச் சாலைகள்

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம்.

வங்கக் கடல் ஓரமாக நின்று மேற்கே பாருங்கள். முதலில் வருவது 32. அது சென்னையில் தொடங்கி, புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குப் போகிறது. அடுத்தது 36. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம், தஞ்சை, புதுக்கோட்டை வழியாக மானாமதுரைக்கு. அடுத்தது 38. வேலூர், விழுப்புரம், திருச்சி, மதுரை, தூத்துக்குடி. அதற்கும் மேற்கே 44. ஓசூர், சேலம், நாமக்கல், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரி. மலையைத் தாண்டி அரபிக் கடலோரம் போனால் 66.

32, 36, 38, 44, 66. படிப்படியாக ஏறுகிறது பாருங்கள்!

"நடுவில் 34-ஐக் காணோமே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அது கங்கோத்ரியில் புறப்பட்டு மத்தியப் பிரதேசத்தோடு நின்று விடுகிறது. நம் எல்லைக்கு வரவில்லை.

இனி ஒற்றைப்படை. இதுதான் இன்னும் வேடிக்கை. வேலூரிலிருந்து தெற்கே இறங்குவோம்.

மங்களூரிலிருந்து பெங்களூர் வழியாக வேலூருக்கு வருவது 75.

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் போவது 77.

சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாக உளுந்தூர்ப்பேட்டை போவது 79.

கோவையிலிருந்து கரூர், திருச்சி வழியாகச் சிதம்பரம் போவது 81.

கோவையிலிருந்து பழனி, திண்டுக்கல், திருச்சி, தஞ்சை வழியாக நாகப்பட்டினம் போவது 83.

கொச்சியிலிருந்து மூணாறு, தேனி, மதுரை வழியாகத் தொண்டி போவது 85.

திருப்புவனத்திலிருந்து மானாமதுரை, இராமநாதபுரம், இராமேசுவரம் வழியாகத் தனுஷ்கோடி போவது 87.

75, 77, 79, 81, 83, 85, 87! ஏழு சாலைகள். ஏணிப் படிகள் போல ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கின்றன. ஓர் எண்கூடத் தவறவில்லை. நான் முதன்முதலில் இந்த ஏழையும் படத்தில் வரைந்து பார்த்தபோது, எவ்வளவு அழகான வாய்ப்பாடு நம் காலடியில் கிடந்திருக்கிறது என்று வியந்து போனேன்.

மூன்று இலக்கம் வந்தால்?

சில சாலைகளுக்கு மூன்று இலக்கம் இருக்கும். பயப்பட வேண்டாம். முதல் இலக்கத்தை விரலால் மறைத்துக் கொள்ளுங்கள். மீதி இரண்டும் தாய்ச் சாலையின் எண். இது அந்தத் தாயின் பிள்ளை.

சேலத்திலிருந்து கோவை, பாலக்காடு வழியாகக் கொச்சிக்குப் போகும் சாலை 544. ஐந்தை மறையுங்கள். 44! சேலத்தில் 44-லிருந்து பிரிகிறது. மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்திலிருந்து இராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போவது 744. இதுவும் 44-இன் பிள்ளைதான். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போவது 336. மூன்றை மறைத்தால் 36. புதுக்கோட்டையில் 36 காத்திருக்கிறது!

44-இன் பிள்ளைகளை வரிசையாகப் பார்த்தால் இன்னொரு விஷயமும் தெரியும். 244 ஜம்மு காஷ்மீரத்தில். 344 அம்பாலாப் பக்கம். 544 சேலத்தில். 744 திருமங்கலத்தில். 944 நாகர்கோவில் பக்கம். முதல் இலக்கம் பெரிதாகப் பெரிதாக நாம் தெற்கே வருகிறோம். ஆனால் 844 ஓசூர், தர்மபுரிப் பக்கம் நின்று கொண்டு வரிசையைக் கெடுக்கிறது! எந்தக் குடும்பத்திலும் சொல் கேளாத பிள்ளை ஒன்று இருக்கும் அல்லவா?

வீட்டில் போடச் சில புதிர்கள்

குடும்பத்தோடு பயணம் போகும்போது குழந்தைகளிடம் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: திருப்பிப் போட்டால் ஒன்று மற்றொன்றாகும் இரண்டு சாலைகள் நம் ஊர் ஒன்றில் சந்திக்கின்றன. எந்த ஊர்?

விடை: திருச்சி. 38-ம் 83-ம் அங்கே சந்திக்கின்றன. 38 வடக்கு தெற்கு. 83 கிழக்கு மேற்கு. எண்ணும் தலைகீழ், திசையும் குறுக்கு!

இரண்டு: சென்னையிலிருந்து திருச்சி வரை ஒரே சாலையில் போவதாக நினைக்கிறோம். உண்மையில் எத்தனை எண்கள்?

விடை: மூன்று. திண்டிவனம் வரை 32. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை 132. அதற்குப் பிறகு 38. இரண்டு தாய்ச் சாலைகளை 132 என்ற பிள்ளை கைகோத்துச் சேர்த்து வைக்கிறது.

மூன்று: இது பெரியவர்களுக்கு. சென்னையிலிருந்து வேலூர், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் போகும் சாலை 48. அது கிழக்கு மேற்காகப் போகிறது. அப்படியானால் ஒற்றைப்படை அல்லவா இருக்க வேண்டும்? மேலும், சென்னை 44-க்குக் கிழக்கே இருக்கிறது. கிழக்கே 44-ஐ விடச் சிறிய எண் அல்லவா வர வேண்டும்?

விடை: நாம் பார்ப்பது சாலையின் வாலை மட்டும். தலை டில்லியில் இருக்கிறது. 48 டில்லியில் புறப்பட்டு, ஜெய்ப்பூர், ஆமதாபாத், பம்பாய், பூனா, பெங்களூர் வழியாகச் சென்னைக்கு வருகிறது. முழுச் சாலையையும் சேர்த்துப் பார்த்தால் அது வடக்கிலிருந்து தெற்கே வருவது. வழியின் பெரும் பகுதி 44-க்கு மேற்கே இருக்கிறது. ஆகையால் இரட்டைப்படை, ஆகையால் 44-ஐ விடப் பெரியது. கிருஷ்ணகிரியில் 44-ஐக் கடந்து கிழக்கே வந்து விடுகிறது. யானையின் வாலைத் தொட்டவன் யானை கயிறு போல இருக்கிறது என்று சொன்னானே, அந்தக் கதைதான்!

அமெரிக்காவின் கணக்கு

இப்படிக் கணக்குப் போட்டு எண் வைப்பது நம் நாட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1926-ஆம் ஆண்டிலேயே செய்தார்கள். ஆனால் அவர்கள் கணக்கு நமக்கு நேர்மாறு. அங்கே வடக்கு தெற்குச் சாலைக்கு ஒற்றைப்படை. கிழக்கு மேற்குச் சாலைக்கு இரட்டைப்படை. ஒற்றைப்படை கிழக்கே சிறிதாகத் தொடங்கி மேற்கே வளர்ந்தது. 1-ஆம் எண் அட்லாண்டிக் கடலோரம் போகிறது.

பிறகு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே மாநிலங்களை இணைக்கும் புதிய பெருஞ்சாலைகளைப் போட்டார்கள். அவற்றுக்கு எண் வைக்கும்போது ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். பழைய வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். புதிய வரிசையில் 5 மேற்குக் கரையில். 95 கிழக்குக் கரையில். 10 தெற்கே, 90 வடக்கே. ஏன் தெரியுமா? பழைய சாலைக்கும் புதிய சாலைக்கும் ஒரே இடத்தில் ஒரே எண் வந்து குழப்பக் கூடாது என்பதற்காக! எண் வைப்பவன் வழிப்போக்கனை மனத்தில் நினைத்துக் கொண்டு வைத்தால் இப்படித்தான் வைப்பான்.

ஊர்ப் பெயர் போதாதா?

"எண் எதற்கு? மதுரை ரோடு, திருச்சி ரோடு என்று சொன்னால் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

ஊருக்குள் இருப்பவனுக்குப் போதும். வெளியூர்க்காரனுக்குப் போதாது. திருச்சியில் இருப்பவனுக்கு அது மதுரை ரோடு. மதுரையில் இருப்பவனுக்கு அதே சாலை திருச்சி ரோடு. பெயர் ஆளுக்கு ஆள் மாறும். எண் மாறாது.

"எண்ணைத்தான் மாற்றி விட்டார்களே!" என்று நீங்கள் மடக்கலாம். அதில் நியாயம் இருக்கிறது. பல ஆண்டுகளாக 45 என்றும் 47 என்றும் சொல்லிப் பழகிய லாரி டிரைவர்களுக்கு அது தொல்லையாகத்தான் இருந்தது. ஆனால் அர்த்தம் இல்லாத எண்ணை விட்டு அர்த்தம் உள்ள எண்ணுக்கு வந்தது நல்ல காரியம். தவறு மாற்றியதில் இல்லை. மாற்றியவர்கள் அர்த்தத்தைச் சொல்லாமல் விட்டதில்தான் இருக்கிறது. புதிய பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் தாமே வைத்துக் கொண்டது போல!

"கைபேசியில் படம் இருக்கிறதே" என்பார்கள் இளைஞர்கள். இருக்கிறது. ஆனால் நடு இரவில், நடுக் காட்டில், கைபேசி உயிரை விட்டுக் கிடக்கும்போது படம் எங்கே வரும்? சாலை ஓரத்துக் கல்லுக்கு மின்சாரம் வேண்டாம்.

அந்தக் கல்லைப் பற்றியும் சொல்லி விடுகிறேன். தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கிலோமீட்டருக்கு ஒரு கல் உண்டு. இடையிலே 200 மீட்டருக்கு ஒரு சிறு கல்லும் உண்டு. அதில் 2, 4, 6, 8 என்று போட்டிருக்கும். சாலையின் எண்ணையும் கல்லில் உள்ள கிலோமீட்டரையும் சொன்னால், இந்தப் பெரிய தேசத்தில் நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். ஆபத்து என்றால் 108. தேசிய நெடுஞ்சாலையில் வேறு உதவி வேண்டும் என்றால் 1033. யாரை அழைத்தாலும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே இருக்கிறீர்கள்?" என்பதுதான்.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். மூன்று காரியங்கள் போதும்.

முதலாவது, பெரிய பஸ் நிலையங்களிலும் சுங்கச் சாவடிகளிலும் ஒரு பலகை வையுங்கள். தமிழில், கொட்டை எழுத்தில், அந்த இரண்டு விதிகளையும் எழுதுங்கள். பக்கத்தில் அந்த ஊர் வழியாகப் போகும் சாலைகளின் படம் இருக்கட்டும்.

இரண்டாவது, ஒற்றை, இரட்டை கற்றுக் கொடுக்கும் வகுப்பிலேயே இதையும் கற்றுக் கொடுங்கள். "7 ஒற்றை, 8 இரட்டை" என்று சொன்னால் பிள்ளைக்குக் கொட்டாவி வரும். "நம் ஊர்ச் சாலை ஏன் ஒற்றை?" என்று கேளுங்கள். பிள்ளை வாசலுக்கு ஓடிப் பார்க்கும். கணக்கும் பூகோளமும் ஒரே பாடத்தில் முடிந்து விடும்.

மூன்றாவது, பழைய எண் இன்னும் நிற்கும் கற்களையும் பலகைகளையும் தேடி மாற்றுங்கள். ஒரே சாலையில் இரண்டு எண் இருப்பதை விட எண்ணே இல்லாமல் இருப்பது மேல்.

இவை அரசாங்கத்துக்கு. நமக்கும் ஒரு காரியம் உண்டு. அடுத்த முறை பஸ்ஸில் ஏறும்போது, ஜன்னல் ஓரக் குழந்தையிடம், "கல்லில் என்ன நம்பர், பார்த்துச் சொல்!" என்று கேளுங்கள். அவ்வளவு போதும்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே" என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. எழுத்துத் தெரியாத எத்தனையோ பாட்டிமார் பஸ்ஸின் நம்பரைப் பார்த்துச் சரியாக ஏறி, சரியான இடத்தில் இறங்குகிறார்கள். பேத்தியின் பிரசவத்துக்குத் தனியாகப் பட்டணம் போய்த் திரும்புகிறார்கள். எழுத்து வருவதற்கு முன்பே நம் மக்களுக்குக் கை கொடுத்தது எண்தான். சந்தையில் விலை, பஸ்ஸில் நம்பர், கைபேசியில் பிள்ளையின் நம்பர், எல்லாம் எண்ணால் நடக்கிறது. சாலையின் எண் மட்டும் ஏன் பெரிய அதிகாரிகளின் இரகசியமாக இருக்க வேண்டும்?

அன்று இரவு அந்தக் கண்டக்டர் கல்லின் முன் குனிந்தது இன்னும் என் கண் முன் நிற்கிறது. அவர் செய்தது பெரிய வித்தை அல்ல. இரண்டு எண்களைப் படித்தார். அந்த இரண்டு எண்கள் ஒருவருடைய உயிருக்குத் துணை நின்றன.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் போகும் நெடுஞ்சாலையின் எண் என்ன? உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் வெட்கம் இல்லை. நாளைக் காலையில் போய்ப் பாருங்கள். இன்று இரவு, வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, அது ஒற்றையா, இரட்டையா என்று முன்கூட்டியே பந்தயம் கட்டுங்கள்!